மன்னிக்கத் தெரிந்த குதிரை

அயர்லாந்தில் பிறந்த விளையாட்டுக் குதிரைகள் ஒலிம்பிக் தங்கம் வரை போயிருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சுமப்பது, வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சேணம் ஏறும் சாதாரண மனிதர்களை. அவர்களுக்கேற்ற குதிரையை உருவாக்குவதுதான் இந்தத் தொழிலில் அதிகப் பொறுமை கேட்கும் வேலை.

உருட்டுக் கட்டைகளை ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கிய ஒரு தடை. அதை நோக்கி ஒரு குதிரை ஓடிவருகிறது. முதுகில் இருப்பவர் கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் நாற்பது வயதுக்காரர். கடைசி நொடியில் அவருக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. கடிவாள வாரை இழுக்கிறார், உடனே விட்டுவிடுகிறார். உடல் முன்னால் சாய்கிறது. எம்ப வேண்டிய இடம் தப்பிப்போகிறது. குதிரை காதுகளை முன்னால் விறைத்துத் தடையைப் பார்க்கிறது, கூடுதலாக ஒரு குட்டை அடி வைக்கிறது, பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் திரட்டிக்கொண்டு தாண்டிவிடுகிறது. தாண்டியபின் கோபமும் இல்லை, மிரட்சியும் இல்லை. அதே தாளத்தில் அடுத்த தடையை நோக்கிப் போகிறது.

இப்படித் தன்னையும் சவாரிக்காரரையும் காப்பாற்றிக்கொள்ளும் குதிரைக்கு ஐந்தாவதாக ஒரு கால் இருக்கிறது என்று அயர்லாந்துக் குதிரைக்காரர்கள் பாராட்டுவார்கள். அந்தக் கால் ஒரே நாளில் முளைத்ததல்ல. பல தலைமுறை வளர்ப்பும் பல ஆண்டுப் பயிற்சியும் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

ஏர் தந்த குணம்

ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ் என்று இன்று உலகம் அழைக்கும் குதிரையின் அடித்தளம் ‘ஐரிஷ் டிராஃப்ட்’ என்ற உழவுக் குதிரை. டிராஃப்ட் என்றதும் யானைக்கால் கொண்ட பாரவண்டிக் குதிரையைக் கற்பனை செய்ய வேண்டாம். இது அதைவிட இலேசானது. கால்கள் உறுதியானவை, ஆனால் மயிர் அடர்ந்து தொங்காதவை. அயர்லாந்தின் சிறு விவசாயிக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குதிரை வைத்துக்கொள்ள வசதி இல்லை. வாரநாளில் ஏர் இழுத்த அதே குதிரை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைத் தேவாலயத்துக்கு வண்டியில் அழைத்துச் சென்றது. குளிர்காலத்தில் சேணம் பூட்டி வேட்டைக்குக் கிளம்பினால் கற்சுவர்களையும் மண்மேடுகளையும் பள்ளங்களையும் தாண்டியது. இத்தனையையும் கொஞ்சத் தீவனத்தில் செய்தது. குழந்தைகள் காலடியில் விளையாடும் முற்றத்தில் நிற்க வேண்டிய குதிரை என்பதால், உதைப்பதையும் மிரள்வதையும் வைத்துக்கொள்ள விவசாயிக்கு இடமில்லை. குணம் கெட்ட குதிரையின் குட்டியை யாரும் விரும்பி வளர்க்கவில்லை. சாந்தமும் புத்தியும் அப்படித்தான் அந்த இரத்தத்தில் ஊறின.

1917இல் இந்த இனத்துக்கு வம்சாவளிப் பதிவேடு திறக்கப்பட்டபோது 375 பெட்டைக் குதிரைகளும் 44 பொலிகுதிரைகளும் பதிவாயின. அது முதல் உலகப் போரின் காலம். ஏராளமான நல்ல குதிரைகள் போர்க்களத்துக்குப் போய்த் திரும்பவே இல்லை. பிறகு டிராக்டர் வந்தது. ஏரை இழந்த குதிரைகள் இறைச்சிக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. மிஞ்சியவற்றைக் காப்பாற்ற 1976இல் வளர்ப்போர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். அவர்கள் காத்தது ஓர் உழவுக் குதிரையை மட்டுமல்ல. அதிலிருந்து கிளைக்கும் விளையாட்டுக் குதிரையின் வேரையும்தான்.

கலப்பின் கணக்கு

இந்த உழவுக் குதிரையைப் பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டுடன் சேர்த்ததில் பிறந்ததே பழைய ஐரிஷ் கலப்பு. ஒன்று எலும்பையும் நிதானத்தையும் தருகிறது. மற்றொன்று வேகத்தையும் மூச்சையும் துணிச்சலையும் தருகிறது. முதல் தலைமுறையில் இரண்டும் பாதிக்குப் பாதி. அதை மறுபடியும் தரோபிரெட்டுடன் சேர்த்தால் முக்கால் பங்கு பந்தய இரத்தம் வருகிறது.

ஈவென்டிங் என்ற மூன்றடுக்குப் போட்டியில் குதிரைக்கு நளின நடை, திடல்வெளி ஓட்டம், கம்பித் தடைத் தாண்டல் ஆகிய மூன்றும் வர வேண்டும். அதன் உச்சிக்குப் போக முக்கால் பங்கு தேவை என்பது பழைய வளர்ப்போரின் கணக்கு. பாதிக் கலப்போ அமெச்சூர் சவாரிக்காரரின், அதாவது சவாரியைத் தொழிலாகக் கொள்ளாதவரின் குதிரை. ஒரு மீட்டர் தடைகளுக்கு அதனிடம் வேண்டிய அளவு வேகம் உண்டு. நான்கு நாள் யாரும் ஏறாமல் விட்டாலும் ஐந்தாம் நாள் தலைகால் தெரியாமல் துள்ளாது.

1980களின் பிற்பகுதியிலிருந்து ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் ‘வார்ம்பிளட்’ என்ற விளையாட்டுக் குதிரை இனங்களின் பொலிகுதிரைகள் அயர்லாந்தில் பெருகின. தாண்டும் திறமையும் நடையின் அழகும் அவற்றால் கூடின. டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணி தங்கம் வென்றபோது ஆலிவர் டவுன்எண்ட் ஏறியிருந்த பாலக்மோர் கிளாஸ் என்ற சாம்பல் குதிரை ஐரிஷ் பதிவேட்டைச் சேர்ந்தது. அதன் தந்தை ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் இனம். ஆகவே வெளியிலிருந்து வந்த இரத்தத்தைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கவலை வேறு. எல்லோரும் உச்சப் போட்டிக்கான குதிரையை மட்டுமே துரத்தினால், பழைய கலப்பில் பிறக்கும் தாய்க் குதிரைகள் குறைந்துகொண்டே போகும். அவை போய்விட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்த நிதானம் எங்கிருந்து வரும்?

தாயைப் போல பிள்ளை

அயர்லாந்தில் பெரும் பண்ணைகளைவிட, ஒன்றோ இரண்டோ பெட்டைக் குதிரைகள் வைத்திருக்கும் விவசாயிகளே அதிகம். மாடுகளோடு மாடாகக் குதிரையும் மேய்கிறது. சுண்ணாம்புப் பாறை நிலத்துப் புல் எலும்பை உறுதியாக்கும் என்பது அவர்களின் நெடுநாள் நம்பிக்கை. பதினோரு மாதச் சினைக்குப்பின் இளவேனிலில் குட்டி பிறக்கிறது. ஏறத்தாழ ஆறு மாதத்தில் பால் மறக்கடிக்கிறார்கள்.

சந்தையில் பேசப்படுவது பெரும்பாலும் தந்தையின் பெயர். கிங் ஆஃப் டயமண்ட்ஸ், க்ளோவர் ஹில், குரூசிங் போன்ற பெயர்களைக் குதிரை தெரிந்த எந்த ஐரிஷ்காரரும் மரியாதையோடு சொல்வார். ஆனால் ஆறு மாதம் குட்டி ஒட்டித் திரிவது தாயோடு. வயலுக்குள் ஓர் ஆள் வந்தால் தாய் தலையைத் தூக்கி ஓடுகிறதா, நின்று மோப்பம் பிடிக்கிறதா என்பதைக் குட்டி பார்த்துக்கொண்டே வளர்கிறது. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்ற நம் பழமொழியை அந்த விவசாயிகளிடம் சொன்னால் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார்கள். குரூசிங்கின் தாய் முல்லக்ரூவும் பேர்பெற்ற தாண்டல் குதிரைதான்.

டப்ளின் குதிரைக் கண்காட்சி 1864இல் தொடங்கியது. அங்கே மைதானம் நிரம்பி வழிவது நாடுகளின் அணிகள் மோதும் ஆகா கான் கோப்பைக்கு. கராச்சியில் பிறந்த மூன்றாம் ஆகா கான் வழங்கிய அந்தக் கோப்பைக்கு 1926 முதல் போட்டி நடக்கிறது. அதே கண்காட்சியில் தாயையும் குட்டியையும் சேர்த்து நிறுத்தி மதிப்பிடும் பிரிவும் உண்டு. நாளைய குதிரையைத் தேடுபவர்கள் பார்க்க வேண்டியது அந்தப் பிரிவை.

முதல்முறை முதுகில்

மூன்று வயதில் குதிரைக்கு முதல் பாடம் தொடங்குகிறது. முதலில் வட்டத்தில் நீண்ட கயிற்றில் ஓட்டம். பிறகு இரண்டு நீண்ட வார்களைக் கடிவாளத்தில் பூட்டி, பயிற்சியாளர் பின்னால் நடந்தபடியே திருப்பவும் நிறுத்தவும் பழக்குகிறார். சேணம் வைத்து, வயிற்றுவாரை ஒவ்வொரு துளையாக இறுக்குகிறார்கள். அங்கவடிகளைத் தொங்கவிட்டு விலாவில் உரசப் பழக்குகிறார்கள்.

பிறகு ஒருநாள் லாயத்துக்குள் ஒருவர் குதிரையின் தலைப்பட்டையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எம்பி, அதன் முதுகின் குறுக்கே வயிறு படும்படி மூட்டை போலக் கவிழ்ந்து கிடக்கிறார். சில விநாடிகள்தான், உடனே இறங்கிவிடுகிறார். குதிரையின் காது பின்னால் திரும்புகிறது. மூச்சு நிற்கிறது. தோளில் தட்டிக்கொடுத்ததும் நீளமாக மூச்சு விட்டு, உதட்டை மென்று, தலையைத் தாழ்த்துகிறது. அப்படி மெல்லும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. மென்றபின்தான் மறுபுறம் காலைப் போட்டு, மெல்ல நிமிர்ந்து உட்கார வேண்டும். அவசரப்பட்டு ஒரு நாளில் கெடுத்ததைச் சரிசெய்ய ஓர் ஆண்டு ஆகலாம்.

சில வாரங்கள் இப்படிப் பழக்கியபின் குதிரையை மீண்டும் மேய்ச்சலுக்கு விட்டுவிடுவது நல்ல வழக்கம். முதுகெலும்பின் வளர்தட்டுகள் முழுதாக மூட ஐந்தாறு வயதாகும். அதுவரை சுமையை அளந்துதான் கொடுக்க வேண்டும். நான்கு வயதில் கிராமச் சாலைகள், சிறு தடைகள், நிதானமான வேட்டைச் சவாரி. ஐந்தில் சிறு போட்டிகள். தொழில்முறைச் சவாரிக்காரர் ஐந்து வயதுக் குதிரையை வாங்கலாம். அமெச்சூர் சவாரிக்காரருக்கு ஏழோ எட்டோ ஆன, உலகம் பார்த்த குதிரைதான் ஏற்றது.

பயிற்சியாளர் விலகி நிற்க வேண்டும்

தேர்ந்த சவாரிக்காரர் ஒவ்வொரு தடைக்கும் அடியை எண்ணி, குதிரையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து எம்பவைக்கிறார். குதிரை அவரை நம்பித் தாண்டிப் பழகுகிறது. அந்தக் குதிரையே எண்ணத் தெரியாத ஒருவர் கைக்கு வந்தால் தடையின் முன் திகைத்து நின்றுவிடும். சில நேரம் பயந்து விழும். கூடவே சவாரிக்காரரும் விழுவார்.

அதனால் அமெச்சூருக்கான குதிரையைப் பழக்குபவர் தன் திறமையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆள் ஏறாமல் குதிரையைத் தானாகத் தாண்ட விடுகிறார்கள். கம்பங்களை வெவ்வேறு இடைவெளியில் போட்டு, அடியைக் குறுக்கவும் நீட்டவும் அதுவே கண்டுபிடிக்கும்படி விடுகிறார்கள். கால்வேயின் கற்சுவர்களிலும் லிமரிக்கின் மண்மேடுகளிலும் பள்ளங்களிலும் வேட்டைக்குப் போன குதிரைகள் இந்தப் பாடத்தை நிலத்திடமே கற்றன. ஒரு மேட்டின் மேல் ஏறி நின்று, மறுபுறம் என்ன இருக்கிறது என்று பார்த்து இறங்கும் குதிரைக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியும்.

வேறு பாடங்களும் உண்டு. தனியாகச் சாலையில் போக, டிராக்டருக்கும் லாரிக்கும் மிரளாதிருக்க, ஏறும்போது அசையாமல் நிற்க, லாடம் அடிக்கக் கால் கொடுக்க, வண்டியில் ஏற்றினால் அமைதியாக வரப் பழக்க வேண்டும். கனமானவர், மெலிந்தவர், பதற்றமானவர் என்று பலர் ஏறிப் பார்க்க வேண்டும். பரிசுக் கோப்பை எதுவும் கிடைக்காத உழைப்பு இது. ஆனால் ஒரு தாய் தன் மகளையோ, ஒரு மனிதர் தன் உயிரையோ ஒப்படைக்கப்போவது இந்த உழைப்பை நம்பித்தான்.

வாங்குபவரின் கடமை

வாங்குபவர்கள் பலரும் தங்கள் திறமைக்கு மேற்பட்ட குதிரையின் அழகில் மயங்குகிறார்கள். ஒருமுறை ஏறிப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வயலில் அதைப் பிடிப்பதிலிருந்து பார்க்க வேண்டும். முதலில் விற்பவர் ஏறி ஓட்டிக் காட்டட்டும். பிறகு உங்கள் பயிற்சியாளர், அதன்பின் நீங்கள். சொந்தக் கால்நடை மருத்துவரைக் கொண்டு இதயம், கண், மூச்சு, மூட்டு எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் வேலைக்கு மிஞ்சிய தீவனம் போட்டுவிட்டு, குதிரை துள்ளுகிறது என்று புலம்பக் கூடாது. சவாரிப் பாடத்தையும் நிறுத்தக் கூடாது. மன்னிக்கும் குதிரையின் பொறுமைக்கும் எல்லை உண்டு. அதன் வாயைத் தினமும் இழுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பொறுமை தேய்ந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாயின் பெயரைக் கேளுங்கள். அதன் குணத்தைக் கேளுங்கள். மூன்று வயதில் அவசரப்படாமல் பழக்கிய குதிரை என்றால் அதற்கான கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுங்கள். ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ் பதிவேடு உலக ஈவென்டிங் தரவரிசையில் பல ஆண்டுகள் முதலிடம் வகித்திருக்கிறது. அந்தப் பெருமையைக் கொண்டாட ஆளுக்குக் குறைவில்லை. ஒற்றைப் பெட்டைக் குதிரையை வைத்துக்கொண்டு, சாந்தமான குட்டிக்காகப் பதினோரு மாதம் காத்திருக்கும் விவசாயிக்குத்தான் ஆதரவு தேவை. அவர் வளர்க்கும் குட்டிக்கு நியாயமான விலை கிடைக்கும்வரைதான் அடுத்த குட்டி பிறக்கும். நல்ல குணத்துக்கும் சந்தையில் விலை உண்டு என்று காட்ட வேண்டியவர்கள், அந்தக் குணத்தை நம்பிச் சேணம் ஏறும் அமெச்சூர்களே.