சின்ன எழுத்து, பெரிய எழுத்து: சோதனையில் சிக்காத பிழை

விண்டோஸிலோ மேக்கிலோ எழுதிய நிரல் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடுகிறது. அதையே லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் ‘கோப்பு இல்லை’ என்று நின்றுவிடுகிறது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கோப்பு இருக்கத்தான் செய்கிறது. அதன் பெயரில் முதல் ஆங்கில எழுத்து பெரியது. நிரலில் அதைச் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஸ்கி அட்டவணையில் பெரிய ‘ஏ’யின் எண் 65, சின்ன ‘ஏ’யின் எண் 97. லினக்ஸ் வழக்கமாகப் பெயர்களை இந்த எண்களாகவே ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கோப்பு. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் நாம் அடித்தபடியே பெயரைச் சேமிக்கின்றன; தேடும்போது மட்டும் பெரிசு சின்னது பார்ப்பதில்லை. இந்தத் தாராளம்தான் பிழையை மறைக்கிறது.

கோப்பு கிடைக்காமல் போனால் உடனே தெரிந்துவிடும். கிடைத்துவிடுவதால் வரும் சிக்கல் இன்னும் மோசம். நோட்.ஜேஎஸ் ஒரு கோப்பைப் படித்ததும் அதன் முழுப் பாதையையே அடையாளமாக வைத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் இன்னோரிடத்தில் சின்ன எழுத்திலும் அதே கோப்பை அழைத்தால், வட்டில் ஒன்றாக இருப்பது நினைவகத்தில் இரண்டாகிவிடும். சோதனை ஒரு பிரதியில் மதிப்பை மாற்றும். நிரல் மற்றதைப் படிக்கும். மாற்றிய மதிப்பு ஏன் வரவில்லை என்று வரிவரியாகத் தேடினாலும் நிரலின் தர்க்கத்தில் தப்பே இருக்காது.

இதை அற்ப விஷயமென்று தள்ளக் கூடாது. 2014 டிசம்பரில் கிட் மென்பொருளில் அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டை இதே வகை. ‘.கிட்’ என்னும் மறைவு ஃபோல்டரின் பெயரில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பினால், கிட் அதை வேறு ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸும் மேக்கும் அசல் ஃபோல்டரில் இருக்கும் அமைப்புக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். அடுத்தவர் கணினியில் விரும்பிய கட்டளையை ஓட்ட அதுவே போதுமானதாக இருந்தது.

பெயரைத் திருத்தும்போதும் கவனம் வேண்டும். பெரிய எழுத்தைச் சின்னதாக மட்டும் மாற்றினால், விண்டோஸிலும் மேக்கிலும் கிட் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடக்கூடும். ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்றுங்கள். டைப்ஸ்கிரிப்ட் மொழி 5.0 முதல், கோப்பை அழைக்கும் பெயரில் வரும் பெரிய-சின்ன எழுத்து முரணைத் தானாகவே பிடித்துச் சொல்கிறது. மற்ற மொழிகளில் எழுதுவோர் கோப்புப் பெயர்களை முழுக்கச் சின்ன எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிடும் முன் சோதனைகளை லினக்ஸிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.