உவர்நீரும் சிறுநீரகக் கல்லும்: காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு?

உப்புத் தண்ணீரைக் குடிப்பதால்தான் சிறுநீரகத்தில் கல் உண்டாகிறது என்னும் கருத்து புதூர், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் பலரிடம் வேரூன்றியுள்ளது. இதனை நம்பித் தண்ணீரையே குறைத்துக் குடிப்போர் உளர். கல்லில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் பாலையும் மோரையும் விலக்குவோரும் உளர். இவ்விரு பழக்கங்களும் கல் மீண்டும் வருவதற்கு இடமளிக்கக்கூடியவை. ஆகவே, இக்கருத்து எவ்வளவு உண்மை என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்து பார்ப்பது நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் பயன்தரும்.

கரிசல் நிலத்து நீர்

முதலில் நம் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரிவளியைக் கரைத்துக்கொண்டு சிறிது அமிலத்தன்மை பெறுகிறது. கரிசல் மண்ணின் கீழே காணப்படும் சுக்கான் கல்லை அந்நீர் மெல்லக் கரைக்கிறது. இவ்வாறு கால்சியம், மக்னீசியம் ஆகிய உப்புகள் நிலத்தடி நீரில் சேர்கின்றன. இவை மிகுந்த நீரே கடின நீர். அதில் சோப்பு எளிதில் நுரைக்காது. அதனைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்ணிறப் படிவு ஏற்படும்.

கரிசல் மண் நுண்ணிய களிமண் ஆதலால் நீர் அதனூடே வேகமாக வடிவதில்லை. நம் பகுதிக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. எஞ்சிய மாதங்களின் வெயிலில் நீர் ஆவியாகிறது, உப்புகளோ ஆவியாவதில்லை. அவை மண்ணிலேயே தங்கி ஆண்டுதோறும் பெருகுகின்றன. கோவில்பட்டி நகருக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் குழாய்வழி வருகிறது. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஊர்களிலோ உவர்ப்பு நாவிலேயே தெரியும்.

உடனிருப்பது காரணமாகிவிடுமா?

நீர் உவர்ப்பாக இருக்கும் ஊரில் கல் உடையவர்கள் பலரைக் காண்கிறோம் என்பது ஓர் அவதானிப்பு. நீரின் உவர்ப்பே கல்லுக்குக் காரணம் என்பது அதிலிருந்து நாம் அமைக்கும் கருதுகோள். அவதானிப்பு சரியாக இருந்தாலும் கருதுகோள் பிழையாகலாம்.

ஏனெனில், உவர்நீர் உள்ள இடத்தில் வேறொன்றும் உடன் இருக்கிறது; அதுவே வெப்பம். கரி மூட்டம் போடுபவரும், வெயிலில் பருத்தி எடுப்பவரும் வியர்வையாகப் பெருமளவு நீரை இழக்கின்றனர். பணியிடத்தில் கழிப்பறை வசதி இல்லாத பெண்கள் தாகத்தையும் அடக்கிக்கொள்கின்றனர். உடலில் நீர் குறைந்தால் சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது. அடர்ந்த சிறுநீரில் கரைந்திருக்கும் உப்புகள் படிகமாகி, படிகங்கள் திரண்டு கல்லாகின்றன. எனவே காரணம் நீரின் தன்மையா, குடிக்கும் நீரின் குறைவா என்னும் வினா எழுகிறது.

நகர மக்களையும் சிற்றூர் மக்களையும் ஒப்பிட்டால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. அவர்கள் குடிக்கும் நீர் வேறுபடுவதைப் போலவே தொழிலும் உணவும் வேறுபடுகின்றன. ஆராய விரும்பும் ஒன்றைத் தவிர ஏனையவை இயன்றவரை ஒத்திருக்க வேண்டும். இதுவே அறிவியல் ஒப்பீட்டின் அடிப்படை விதி.

சோதனை காட்டிய விடை

இத்தாலியின் பார்மா நகர மருத்துவர்கள் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்விதியைப் பின்பற்றியது. முதல் முறையாகக் கால்சியம் கல் வந்த 199 பேரைக் குலுக்கல் போன்ற முறையில் இரு குழுக்களாகப் பிரித்தனர். நாள்தோறும் 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் அருந்துமாறு ஒரு குழுவினருக்கு அறிவுறுத்தினர். மற்றக் குழுவினர் தம் வழக்கத்தை மாற்றவில்லை. 5 ஆண்டுகளில், மிகுதியாக நீர் அருந்திய 99 பேரில் 12 பேருக்கும், மற்றக் குழுவின் 100 பேரில் 27 பேருக்கும் மீண்டும் கல் வந்தது.

நீரின் கடினத்தன்மையைப் பற்றியும் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2002இல் வெளியான அவ்வாய்வில் கல் நோயாளிகள் ஏறத்தாழ 4,800 பேரின் விவரங்கள் ஆராயப்பட்டன. கடின நீர்ப் பகுதியினரின் சிறுநீரில் கால்சியம் கூடியிருந்தது. ஆனால் கல்லைத் தடுக்க உதவும் சிட்ரேட்டும் மக்னீசியமும் உடன் கூடியிருந்தன. மென்னீர்ப் பகுதியினரைவிட அவர்களுக்குக் கல் மிகுதியான முறை வந்திருக்கவில்லை.

பால், மோர் பற்றிய ஐயத்துக்கும் விடை உண்டு. அதே பார்மா குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் மீண்டும் மீண்டும் கல் வந்த ஆண்கள் 120 பேர் பங்கேற்றனர். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை இயல்பான அளவில் உண்டு, உப்பையும் புலாலையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே திரும்பியது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்து, அது சிறுநீருக்குச் செல்லாமல் தடுக்கிறது. உணவு உப்போ சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டுகிறது.

இதனால் எந்த நீரையும் அஞ்சாமல் குடிக்கலாம் என்று கொள்ளலாகாது. சில கிணற்று நீரில் புளோரைடு, நைட்ரேட் போன்றவை அளவு மீறி இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்குப் புளோரைடு 1.5 மில்லிகிராமையும் நைட்ரேட் 45 மில்லிகிராமையும் கடத்தல் கூடாது. இவற்றை நாவால் அறிய இயலாது; பரிசோதனையே காட்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் நீரைப் பரிசோதிக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. விடுமுறை நாளொன்றில் 24 மணி நேரச் சிறுநீரையும் அளவுக் குறியிட்ட பாத்திரத்தில் சேர்த்து அளந்து பாருங்கள். 2 லிட்டருக்குக் குறைந்தால் நீங்கள் அருந்தும் நீர் போதவில்லை. வெயிலில் உழைக்கும் நாளில் இன்னும் மிகுதியாகத் தேவைப்படும்.

2. நீரை ஒரே வேளையில் அருந்தாமல் நாள் முழுதும் பகிர்ந்து அருந்துங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பது நல்ல அடையாளம். சில மாத்திரைகள் நிறத்தை மாற்றக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

3. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றைக் குறையுங்கள். மருத்துவர் கூறாமல் பாலையும் மோரையும் நிறுத்தாதீர்கள். மோரில் உப்பு மட்டும் குறைவாக இருக்கட்டும்.

4. வெளியேறும் கல்லை எறிந்துவிடாமல், சுத்தமான சிறு புட்டியில் இட்டுக் கொண்டுவாருங்கள். கற்கள் பல வகைப்படும். அதன் வகையை அறிந்தால் உங்களுக்குரிய உணவு முறையை வகுக்கலாம்.

இதயச் செயலிழப்பு, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் மேற்கூறிய நீரளவைப் பின்பற்றலாகாது. அவர்களுக்குரிய அளவை மருத்துவரே வரையறுப்பார். கல்வலியுடன் குளிர்காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் முற்றிலும் நின்றுவிட்டாலும், வீட்டில் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துவர வேண்டும்.