இரவில் குடித்தது காலையில் ஊதினால் தெரியும்

30 மில்லிகிராம்

வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் போலீஸ்காரர் ஊதும் கருவியை நீட்டினால், பலரும் சொல்வது, "ஸ்டெடியாத்தான் சார் இருக்கேன்." இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுக்கு அது பொருட்டல்ல. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம்.

முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 15,000 ரூபாய், இரண்டு ஆண்டு வரை சிறை. 2019 திருத்தத்துக்கு முன்பு முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதமே 2,000 ரூபாய்தான். குற்றம் நிரூபணமானால் கோர்ட் லைசென்ஸையும் குறைந்தது ஆறு மாதம் முடக்கும். ஸ்டியரிங்கை நம்பிச் சாப்பிடுகிறவருக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி. ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தும் பயனில்லை. குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

குவாட்டரின் கணக்கு

ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் குடித்தால், ரத்தத்தில் அளவு 130 மில்லிகிராமைத் தொட்டுவிடும். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றே போதும், வரம்பைத் தாண்ட. பெண்களுக்கு உடலில் நீர் குறைவு என்பதால், அதே அளவு குடித்தாலும் இன்னும் கூடும்.

ஏறியது எப்படி இறங்கும்? வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அது அந்த அளவை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் குறைக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, கருப்புக் காபி, தலையில் பச்சைத் தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. காபி தூக்கத்தை விரட்டும், ரத்தத்தில் இருப்பதை விரட்டாது. வெற்றிலை, ஏலக்காய் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கருவி பார்ப்பது வாய் நாற்றத்தை அல்ல, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சை.

ஆகவே இரவு 10 மணிக்கு ஒன்றரை குவாட்டர் குடித்தவர் நன்றாகத் தூங்கி, குளித்து, காலை 6 மணிக்குக் கிளம்பினாலும், ரத்தத்தில் சுமார் 80 மில்லிகிராம் மிச்சமிருக்கும். வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். தலைவலி மட்டும்தான் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

எட்டு மீட்டர்

கால் தடுமாறும் முன்பே கெடுவது முடிவெடுக்கும் திறன். 'நான் நிதானம்' என்று தன்னைத்தானே எடைபோடுவதும் அதே மூளைதான். அந்தத் தீர்ப்பை நம்ப முடியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கில் கால் வைக்க அரை வினாடி தாமதித்தால், கூடுதலாக எட்டு மீட்டர். சாலையைக் கடக்கும் ஒருவருக்கு அந்த எட்டு மீட்டர் மிகப் பெரியது.

உயிர் போனால்

பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. விபத்துதானே என்று அதோடு முடியாமலும் போகலாம். 2006இல் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் தூங்கியவர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். குடித்து ஓட்டியவர் மீது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் நிலைக்கும் என 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. விளைவு தெரிந்தே செய்தார் என்பதே அதன் பொருள்.

இன்சூரன்ஸும் கைவிடும். போதையில் ஓட்டியதால் நொறுங்கிய காருக்கு நிறுவனம் இழப்பீடு மறுக்கலாம் என்று 2021இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பின்சீட்டில் இருப்பவர்

185ஆம் பிரிவுக் குற்றத்துக்குத் துணைபோகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆம் பிரிவு. குடித்தவர் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறும் நண்பர் இதை அறிந்திருப்பது நல்லது. கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போகிறவர்கள் ஆக்டிங் டிரைவரை இரவுக்கு மட்டும் பேசுகிறார்கள். விடியற்காலைத் திரும்பலுக்கும் சேர்த்துப் பேசிவிடலாம். கூடுதல் சம்பளம் 10,000 ரூபாயைத் தொடாது.