பாங்காக்கில் ஒரு சனிக்கிழமை

நான் பாங்காக் நகருக்குத் தனியாகப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் "தனியாகவா?" என்று அங்கலாய்த்த பந்துக்கள் எல்லாரும், மறுநாளே ஆளுக்கொரு சாமான் வாங்கிவரச் சொன்னார்கள். ஜாபிதாவின் கடைசி வரி என் நாத்தனார் கைப்பட எழுதியது: "நிறத்தை வெளுக்கச் செய்யும் களிம்பு, இரண்டு டப்பா. மறக்க வேண்டாம்." களிம்பு அவளுடைய பெண்ணுக்கு. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன காரியம் முடிந்தபின், ஒரு சனிக்கிழமை முழுதும் எனக்கென்று மிஞ்சிற்று. ஐம்பத்திரண்டு வயதில், யாருக்கும் சமைக்க வேண்டாத ஒரு பகல்! விடியற்காலையிலேயே எழுந்துவிட்டேன்.

சட்டுச்சக் சந்தை சனி, ஞாயிறுகளில்தான் களைகட்டும். 1982-ல் அரண்மனையருகே இருந்த மைதானத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்த சந்தை இது. இன்று 15,000-க்கு மேற்பட்ட கடைகள் இருக்கின்றன என்கிறார்கள். நடுவிலுள்ள மணிக்கூண்டை அடையாளம் வைத்துக்கொண்டுதான் நடந்தேன். ஆயினும் மூன்று தடவை வழி தவறி, மூன்று தடவையும் அதே செருப்புக் கடைக்கு வந்து சேர்ந்தேன். கடைக்காரர் சிரித்தார். நாலாந்தடவை வந்தால் செருப்பு வாங்காமல் தீராது என்று அஞ்சி வேறு சந்தில் புகுந்தேன்.

அங்கே ஒரு கிழவி பட்டு விற்றுக்கொண்டிருந்தாள். நூலை முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து, அதன் பின்னரே தறியில் ஏற்றும் "மட்மீ" பட்டு; வடகிழக்குச் சீமையின் கைவேலை. நான் சந்தேகத்துடன் தடவிப் பார்த்ததைக் கண்டு, அவள் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினாள். மயிர் பொசுங்கும் நாற்றம். விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல். அசல் பட்டுத்தான்! பாஷை தெரியாத குறையைக் கணக்குப் போடும் யந்திரம் தீர்த்துவைத்தது. அவள் 1,200 என்று தட்டினாள். நான் 800 என்று தட்டினேன். 950 பாட்டில் சமாதானம் ஏற்பட்டது. ஜாபிதாவில் இல்லாத சாமான் அது ஒன்றுதான்.

பிற்பகல் பூமிக்கடியில் ஓடும் ரயிலில் ஏறி வாட் போ ஆலயத்துக்குப் போனேன். 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரைத் தரிசிப்பதற்காகவே பலர் வருகிறார்கள். எனக்கோ கால்வலி. மூன்றாம் ராமன் என்னும் அரசர், 1830-களில் இக்கோயிலைப் புதுப்பித்தபோது, வைத்திய நூல்களையும் உடம்பில் ஓடும் நாடிகளின் படங்களையும் கல்லில் பொறிக்கச் செய்தார். ஏழை எளியவரும் படித்துப் பயனடையட்டும் என்பது நோக்கம். 1955-ல் இங்கே மர்த்தனக் கலைக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஏற்பட்டது. இக்கலையின் ஆதி குருவாக அவர்கள் வணங்குவது யாரை என்கிறீர்கள்? புத்தருக்கு வைத்தியம் பார்த்த நம் தேசத்து ஜீவகரைத்தான்!

எண்ணெய் கிடையாது. தொளதொளவென்ற உடையை அணிவித்துப் படுக்க வைத்தார்கள். என் வயதே இருக்கக்கூடிய ஓர் அம்மாள் கைகூப்பிவிட்டு, பாதத்திலிருந்து ஆரம்பித்தாள். கட்டைவிரலா அது, உலக்கையா? "ஐயோ" என்றேன், அந்த ஒரு வார்த்தை அவளுக்கு விளங்கிவிட்டது. பிறகு முதுகை வளைத்து, தோளை இழுத்து, ஒரு மணி நேரம் என்னை மாவுபோல் பிசைந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் என் தாயார் வெந்நீர் ஊற்றி உடம்பு பிடித்துவிட்டதற்கப்புறம் இந்த உடம்பை யாரும் இப்படி அக்கறையாய்த் தொட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணில் நீர் வந்தது. வலியால் என்று அவள் எண்ணியிருப்பாள். விரலைச் சற்று லேசாக்கினாள்.

சாயங்காலம் முக அலங்காரம் செய்யும் கடை ஒன்றுக்குப் போனேன். வெள்ளரிக்காயின் குளிர்ச்சி, எலுமிச்சைப் புல்லின் வாசனை, எல்லாம் சுகமாகவே இருந்தன. முடிவில் அங்கிருந்த பெண் என் கன்னத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கி, ஒரு டப்பாவை நீட்டினாள். நான் தேடிவந்த களிம்பு தானாகவே வந்து நின்றது!

டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இப்படிப்பட்ட களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலப்பதுண்டு. அது தோலில் நிறம் ஊறுவதைத் தடுக்கும். கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெள்ளையாயிருந்தாலே ஜெயம் என்ற பொருள்பட, 2016-ல் அந்நாட்டில் ஒரு விளம்பரம் வந்து, ஜனங்கள் சீறியதால் நிறுத்தப்பட்டது. நம் ஊரிலோ 1975 முதல் அழகையும் சிவப்பையும் சேர்த்தே விற்றார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் "நிறம் கொஞ்சம் மட்டு" என்று சொல்லித்தான் பஜ்ஜியைத் தின்றார்கள். சொன்னவர் என் மாமியார். பக்கத்தில் பாவாடையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சிறுமிதான் இன்று களிம்பு கேட்கும் நாத்தனார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெருவில் மல்லிகைச் சரம் விற்றார்கள். அதற்கு அங்கும் "மாலை" என்றே பெயர். ஒன்று வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பிப் பெட்டியைக் கட்டினேன். அந்தப் பட்டு அவளுடைய பெண்ணுக்கு. கறுப்பு மேனிக்கு அந்தக் குங்கும வர்ணம் ஜோராய் இருக்கும். நாத்தனாருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மட்டும், விமானம் மீனம்பாக்கத்தில் இறங்குகிற வரையில், மனத்துக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.