நெப்டியூன் 30 மீட்டர் தள்ளி நிற்கட்டும்!

சுட்டிகளே, உங்கள் அறிவியல் புத்தகத்தில் சூரியக் குடும்பப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எட்டுக் கோள்களும் காலை நேர டவுன் பஸ்ஸில் ஏறினவர்கள் மாதிரி இடித்துக்கொண்டு நிற்கும். “நிஜமாகவே இப்படித்தான் இருக்குமா மாமா?” என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ், கேட்க வேண்டிய கேள்விதான்!

படம் வரைந்தவரைக் குறை சொல்லாதீர்கள். பாவம், அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பக்கம். நமக்குப் பள்ளிக்கூட மைதானமே இருக்கிறதே.

வகுப்பை ஒன்பது குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு குழு சூரியன், மற்ற எட்டும் கோள்கள். 30 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சணல் கயிறு வேண்டும். நீளம் தாண்டும் போட்டிக்கு அளக்கிற நாடா பி.டி. சாரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதை நம் கயிற்றில் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வியாழன் சூரியனிலிருந்து சுமார் 78 கோடி கிலோமீட்டர். 78-ஐ 15-ஆல் வகுத்தால்? 5.2. அதனால் வியாழன் குழு 5 மீட்டர் 20 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். புரிந்ததா? இல்லையென்றால் இன்னொரு தடவை படியுங்கள், அவசரமே இல்லை.

மற்றவர்களின் தூரத்தைக் கோடி கிலோமீட்டரில் தருகிறேன்: புதன் 5.8, வெள்ளி 10.8, செவ்வாய் 22.8, சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. அந்தந்தக் குழுவே வகுத்து இடத்தைக் கண்டுபிடிக்கட்டும். டீச்சர் விடையைச் சொல்லிவிட்டால் விளையாட்டு சப்பென்று போய்விடும்.

கயிற்றை இழுப்பதற்கு முன்னால் ஒரு பந்தயம். சரிபாதிக் கயிற்றில் எந்தக் கோள் வரும்? ஒவ்வொரு குழுவும் ஒரு சீட்டில் எழுதி மடித்து வைக்கட்டும்.

இப்போது போய் நில்லுங்கள். ஏறக்குறைய முதல் ஒன்றரை மீட்டருக்குள் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று நான்கு குழுக்கள்! கால் வைக்க இடமில்லாமல் ஒரே தள்ளுமுள்ளு. குழுவுக்கு ஒருத்தர் நின்றால் போதும். அதற்கப்புறம் வியாழன் வரைக்கும் மூன்றரை மீட்டருக்கு மேல் காலி. ‘நாம்தான் கடைசிப் பக்கம்’ என்று நினைத்திருந்த சனி குழு, கயிற்றில் மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டியிருக்காது. பாதிக் கயிற்றில் யாருமே இல்லை. சீட்டுகளைப் பிரித்துப் பாருங்கள், யார் எழுதியது சரி?

நெப்டியூன் குழு இருக்கிற இடத்திலிருந்து கத்தித்தான் பேச வேண்டியிருக்கும்.

சரி, இதே அளவில் சூரியன் எவ்வளவு பெரியது? ஊறவைக்காத ஒரு வெள்ளைக் கொண்டைக்கடலை, அவ்வளவுதான். சூரியன் குழு அதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்! வியாழன் ஒரு கசகசா. பூமி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூமிக் குழுவின் உள்ளங்கையில் கோலமாவு தூவி, அதில் ஒரே ஒரு துகளைத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது நடை. கோள்கள் இப்படி வரிசை கட்டி நிற்பதில்லை, எல்லாம் ஒரே திசையில் சூரியனைச் சுற்றுகின்றன. டீச்சர் கைதட்டத் தட்ட நடந்து பாருங்கள். பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் புதன் நான்கு சுற்று ஓடியிருக்க வேண்டும். புதனுக்கு 88 நாளில் ஒரு வருடம் முடிந்துவிடுகிறதே! பூமி 12 சுற்று வந்தால் வியாழனுக்கு ஏறக்குறைய ஒன்று. நெப்டியூன் ஒரு சுற்று வருவதற்குப் பூமிக் குழு 165 சுற்று சுற்ற வேண்டும். தலை கிறுகிறுத்துவிடும், வேண்டாம். 1846-இல் கண்டுபிடித்த நெப்டியூன், அதற்கப்புறம் முதல் சுற்றை முடித்ததே 2011-இல்தான்.

எனக்குப் பிடித்த கேள்வி இனிமேல்தான் வருகிறது. மனிதர்கள் போன நிலா இந்தக் கயிற்றில் எங்கே? பூமித் துகளிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர்! ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒளி எவ்வளவு வேகம் என்று படித்திருக்கிறீர்கள் இல்லையா? அதுவே சூரியனிலிருந்து பூமிக்கு வர 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. நம் கயிற்றில் அது ஒரு மீட்டர்தான். வேப்பமரத்து எறும்பு அதை முந்திவிடும்.

1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலத்துக்கும் ஒரு குழு வேண்டுமென்றால், அவர்களைக் கடலையிலிருந்து 160 மீட்டருக்கு அப்பால் அனுப்ப வேண்டும். பல பள்ளிக்கூடங்களில் அது கேட்டுக்கு வெளியே, தெருவில் இருக்கும். ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். சூரியனை அடுத்த விண்மீனுக்குக் குழு கேட்காதீர்கள். அது சுமார் 270 கிலோமீட்டர் தள்ளி, அவ்வளவு கயிற்றுக்கு எங்கே போவது?