தலை இழந்த பனை ஏன் துளிர்க்கவில்லை?

2010ஆம் ஆண்டு. நாங்கள் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகியிருக்கும். கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், கூரை போன பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குள், தரம் 7 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடம், தாவரங்கள் உணவு தயாரிக்கும் விதம். சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, பின்வரிசையில் இருந்த பெடியன் ஒருவன் எழும்பி நின்றான்.

"சேர், வேலிப் பூவரசு எல்லாம் துளிர்த்திட்டுது. பனை மட்டும் ஏன் துளிர்க்கேல்ல?"

கொட்டகைக்குச் சுவர் இல்லை. எல்லோருமே வெளியே பார்த்தோம். செல்லடியில் வட்டு அறுந்துபோன பனைகள் நட்டுவைத்த கம்பங்கள் மாதிரி நின்றன. அவற்றின் அடியில், அதே செல்லில் முறிந்த பூவரசுகள் கொத்துக் கொத்தாக இலை விட்டிருந்தன. பாடப்புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. ஆனால் பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. பதில் சொல்ல எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அன்று சொன்னதை, இப்போது அந்த வயதில் இருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். வாசித்துக் காட்டும் பெரியவர்களுக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் நான் பிள்ளைகளிடம் கேட்டது இது: மரத்துக்குச் சாப்பாடு எங்கேயிருந்து வருகிறது? "மண்ணிலயிருந்து" என்றார்கள். ஒரு பிள்ளை "பசளையிலயிருந்து" என்றாள். பெரியவர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வரும். மரம் மண்ணில்தானே நிற்கிறது. வேறு எங்கிருந்து வரும்?

ஏறத்தாழ நானூறு வருடங்களுக்கு முன், இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மொண்ட் என்பவருக்கும் இந்தக் கேள்வி இருந்தது. அவர் ஒரு பெரிய சாடியில், உலர்த்தி நிறுத்த 90 கிலோகிராம் அளவு மண்ணைப் போட்டு, இரண்டேகால் கிலோகிராம் அளவு நிறையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். தண்ணீர் மட்டுமே ஊற்றினார். தூசி விழாமல் சாடியின் வாயைத் துளையிட்ட தகட்டால் மூடினார். ஐந்து வருடம் கழித்து மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். 77 கிலோகிராம் அளவு இருந்தது. விழுந்த இலைகளை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை. பிறகு மண்ணைத் திரும்ப உலர்த்தி நிறுத்தார். குறைந்தது வெறும் 57 கிராம் அளவு, ஒரு பிடி மண்கூட இல்லை.

அப்படியானால் மரம் மண்ணைத் தின்று வளரவில்லை. வெறும் தண்ணீர்தான் மரமாக மாறியது என்று அவர் முடிவுகட்டினார். அந்த முடிவு பிழை. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஐந்து வருடம் பொறுமையாக இருந்தாரே! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விறகு எரியும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் வெளியேறுகிறது என்று கண்டு, 'காஸ்' என்ற சொல்லையே உண்டாக்கியவர் அவர்தான். அந்தப் பொருளைத்தான் நாம் இன்று காபனீரொட்சைட்டு என்கிறோம். தன் வில்லோ மரம் அந்த வாயுவிலிருந்தே வளர்ந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

மண்ணின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வீட்டு அடுப்பே போதும். ஒரு கட்டு விறகை எரித்தால் மிஞ்சுவது ஒரு சிரட்டைச் சாம்பல். மரம் மண்ணிலிருந்து எடுத்த உப்புகள் ஏறக்குறைய அவ்வளவுதான். உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி காபன், மீதியில் பெரும்பகுதி ஒட்சிசன். இந்த இரண்டுமே காற்றில் இருந்த காபனீரொட்சைட்டிலிருந்து வந்தவை. தண்ணீரிலிருந்து வந்தது கொஞ்ச ஐதரசன் மட்டும்.

அன்று பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வீட்டுக் கூரையின் பனை வளையும் சிலாகையும் காற்றிலிருந்து வந்தவை என்றேன். சிரித்தார்கள். பங்கருக்கு மேல் அடுக்கிய பனங்குற்றிகளும் அப்படித்தான் என்றேன். அப்போது சிரிக்கவில்லை. அந்தக் குற்றிகளின் கீழே படுத்திருந்தவர்கள் அவர்கள்.

காற்றில் காபனீரொட்சைட்டு மிகக் குறைவு. 10,000 லீற்றர் காற்றில் நாலு லீற்றருக்குச் சற்று மேலேதான் இருக்கும். அவ்வளவு குறைவான பொருளைப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் இலைகள் தட்டையாக, மெல்லியதாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கின்றன. பெரும்பாலான இலைகளின் கீழ்ப்பக்கத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான வாய்கள் உண்டு. அவை இலைவாய்கள். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு உதடுகள் போல இரண்டு கலங்கள். அவை தண்ணீர் நிறைந்து வீங்கினால் வாய் திறக்கும், வற்றினால் மூடும். திறந்தால் காபனீரொட்சைட்டு உள்ளே வரும், ஆனால் தண்ணீர் ஆவியாகி வெளியே போகும். நல்ல வெயிலில், மண்ணும் காய்ந்திருந்தால், செடி வாயை மூடிக்கொள்ளும். தாகத்துக்குப் பயந்து பட்டினி கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வேரால் உறிஞ்சப்பட்டு, காழ் என்னும் நுண்ணிய குழாய்கள் வழியாக இலைக்கு ஏறுகிறது. இனி வேண்டியது வெளிச்சம். சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி எட்டு நிமிடமும் இருபது செக்கனும் பயணம் செய்து இலையில் விழுகிறது. இலைக்குள் இருக்கும் பச்சையம் அந்த ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. பச்சை நிறத்தை அவ்வளவாக எடுப்பதில்லை. அது எடுக்காமல் விட்ட நிறம்தான் எங்கள் கண்ணுக்கு வருகிறது. இலை பச்சையாகத் தெரிவது அதனால்தான்.

பிடித்த ஒளியின் சக்தியால் இலை தண்ணீரைப் பிரிக்கிறது. தண்ணீரில் இருந்த ஒட்சிசன் வெளியே போகிறது. ஐதரசனும் ஒளியிலிருந்து கிடைத்த சக்தியும் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெல்லமாகின்றன. ஆறு காபனீரொட்சைட்டு மூலக்கூறும் ஆறு நீர் மூலக்கூறும் உள்ளே போனால், ஒரு குளுக்கோசும் ஆறு ஒட்சிசன் மூலக்கூறும் வெளியே வரும். இதற்குப் பெயர் ஒளித்தொகுப்பு. கணக்காக எழுதினால் ஒரு வரிதான். ஆனால் மனிதர் இதைக் கண்டுபிடிக்க இருநூறு வருடம் அளவில் சென்றது. மூடிய சாடிக்குள் மெழுகுதிரி எரிந்து கெடுத்த காற்றை ஒரு புதினாக் கிளை திருத்துகிறது என்று இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி கண்டது 1771இல். அதற்கு வெளிச்சம் வேண்டும், பச்சைப் பகுதிகள் மட்டுமே அதைச் செய்கின்றன என்று இங்கன்ஹவுஸ் காட்டியது 1779இல். வெளியேறும் ஒட்சிசன் தண்ணீரிலிருந்தே வருகிறது என்று பரிசோதனையால் தெரிந்தது 1941இல்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் என்று ஒன்று இல்லை. அயடீனும் இல்லை, அற்ககோலும் இல்லை. குளக்கட்டுப் பக்கம் மிதிவெடி அகற்றி முடிந்திருந்தது. ஆனால் பற்றைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகை இன்னும் நின்றதால், பிள்ளைகளை விடாமல் நானே போய் நீருக்கடியில் வளரும் ஐதரில்லாவில் ஒரு பிடி பிடுங்கி வந்தேன். ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு, தண்டை வெட்டித் தலைகீழாக அமிழ்த்தி வெயிலில் வைத்தோம். அப்பச்சோடா காபனீரொட்சைட்டைக் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் வெட்டிய முனையிலிருந்து குமிழிகள் மணிமாலை மாதிரிக் கிளம்பின. ஒரு நிமிடத்தில் முப்பதுக்கு மேல் எண்ணினார்கள். போத்தலைக் கொட்டகைக்குள் கொண்டுவந்ததும் ஏழு, எட்டு என்று குறைந்தது. சாக்கால் மூடித் திறந்து பார்த்தபோது நின்றேவிட்டது. திரும்பவும் வெயிலில் வைத்தார்கள். மறுபடி குமிழி. அன்று மத்தியானம் சாப்பிடப் போகச் சொன்னாலும் ஒருவரும் போகவில்லை. இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், செலவில்லை. ஆனால் குளத்துக்குப் பெரியவர் ஒருவரோடு போங்கள்.

பசளை என்று சொன்ன பிள்ளைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பசளை பயிரின் சாப்பாடு அல்ல. சாப்பாட்டைச் செய்யும் சட்டியைத் திருத்தும் பொருள் அது. பச்சையத்தின் ஒரு மூலக்கூறில் நடுவில் ஒரு மக்னீசியம் அணுவும், அதைச் சுற்றி நாலு நைதரசன் அணுக்களும் இருக்கின்றன. நைதரசன் கிடைக்காவிட்டால் இலை மஞ்சளாகும். மஞ்சளான இலை வெயிலில் நின்றாலும் பாதி வேலைதான் செய்யும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் யூரியாவும் இருந்ததால் வடக்கில் எத்தனையோ வயல்கள் இப்படி வெளிறின. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது, நாடு முழுவதுமே அதைக் கண்டது. எங்கள் விவசாயிகளுக்கு அது புதுப் பாடமாக இருக்கவில்லை.

இனிப் பனைக்கு வருவோம்.

இலை செய்த வெல்லம் இலையிலேயே தங்குவதில்லை. இன்னொரு வகைக் குழாய் வழியாக வேருக்கும், தண்டுக்கும், காய்க்கும் போகிறது. பனையில் பாளையைச் சீவினால் சொட்டுகிற கருப்பநீர் அந்தப் பயணத்தின் நடுவில் பிடித்ததுதான். நுங்குக்குப் போக வேண்டியதை முட்டியில் வாங்குகிறோம். அதன் ஒரு லீற்றரில் 100 கிராம் அளவுக்கு வெல்லம் இருக்கும். காய்ச்சினால் பனங்கட்டி. பனங்கட்டியைக் கடிக்கும்போது, ஓலையில் விழுந்த வெயிலைத்தான் கடிக்கிறீர்கள்.

அன்றாடச் செலவுக்கு மிஞ்சியதை மரம் மாப்பொருளாக்கிச் சேமிக்கிறது. ஏனென்றால் மரமும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது. உயிருள்ள ஒவ்வொரு கலமும் வெல்லத்தைச் செலவழித்தே உயிரோடு இருக்கிறது. இலை இருந்தால் வரவு உண்டு. இலை போனால் செலவு மட்டும்தான்.

பூவரசு முறிந்தபோது அதற்கும் வரவு நின்றது. ஆனால் அதன் அடிமரத்திலும் வேரிலும் மாப்பொருள் சேமிப்பில் இருந்தது. அதைவிட முக்கியமாக, பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் பல இருந்தன. நுனி போனவுடன் அவை விழித்து, சேமிப்பைச் செலவழித்து இலை விட்டன. இலை வந்ததும் வரவு திரும்பியது. கதியால் நடுவதும் இதை நம்பித்தான். இலையும் வேரும் இல்லாத ஒரு கிளுவைத் தடி, தனக்குள் இருக்கும் மாப்பொருளை வைத்துக்கொண்டே இரண்டையும் உண்டாக்கிவிடுகிறது. காணி எல்லையைத் தேடிக் கதியால் நட்ட எங்கள் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பனைக்கு அந்த வசதி இல்லை. அது வளரும் இடம் ஒன்றே ஒன்று. வட்டுக்கு நடுவில், ஓலைகள் பொத்தி வைத்திருக்கும் குருத்து. புது ஓலை, பாளை எல்லாம் அங்கேயிருந்துதான் வரவேண்டும். தண்டில் உறங்கும் மொட்டுகள் கிடையாது. ஓலைகள் மட்டும் எரிந்து குருத்து தப்பியிருந்தால், சேமிப்பைக் கொண்டு அது மெல்ல மெல்ல ஓலை விட்டிருக்கும். ஊரில் ஒன்றிரண்டு பனை அப்படிப் பிழைத்தும் இருக்கிறது. செல் குருத்தையே அறுத்துக்கொண்டு போனால் சமைக்க இலையும் இல்லை, இலை செய்ய இடமும் இல்லை. வேர் தண்ணீர் எடுக்கும் நிலையில் இருந்தாலும் பயனில்லை. தண்டுக்குள் இருந்த மாப்பொருள் முடியும் வரை மரம் உயிரோடு நிற்கும். எந்த நாளில் செத்தது என்று வெளியில் பார்ப்பவருக்குத் தெரியாது.

இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெடியன் கேட்டான்: "அப்ப எங்கட வளவுப் பனை இப்ப உயிரோடயா, செத்திட்டுதா?" ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, இனிமேல் வராது என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு இருந்தான். பிறகு, "அதிண்ட பனங்கொட்டை கிடக்குது" என்றான்.

பனங்கொட்டைக்குள் தாய்மரம் வைத்துவிட்டுப் போன சாப்பாடு இருக்கிறது. பாத்தியில் புதைத்தால் வெளிச்சமே இல்லாமல், அந்தச் சாப்பாட்டைக் கீழே இறக்கி மாப்பொருளாகச் சேர்த்துவைக்கும். அதைத்தான் பனங்கிழங்கு என்று கிண்டி அவித்துச் சாப்பிடுகிறோம். வெளிச்சம் படாததால் அது வெள்ளையாக இருக்கிறது. கிண்டாமல் விட்டால், அந்தச் சேமிப்பைக் கொண்டு முதல் ஓலை மண்ணுக்கு மேலே வந்து பச்சையாகும். அன்றிலிருந்து அது தன் சாப்பாட்டைத் தானே செய்யும்.

அவன் ஒரு பாத்தியைக் கிண்டாமல் விட்டான். இப்போது அந்த வளவின் தெற்கு எல்லையில் வடலிகள் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. பாளை இன்னும் வரவில்லை. அது வரும்வரை எது ஆண்பனை, எது பெண்பனை என்று யாராலும் சொல்ல முடியாது.