பன்னாட்டுத் திரைப்படக் கூட்டுத் தயாரிப்புக்கான பொது நிதி

பன்னாட்டுத் திரைப்படக் கூட்டுத் தயாரிப்புக்கான பொது நிதி என்பது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த தயாரிப்பாளர்கள் இணைந்து உருவாக்கும் திரைப்படத்துக்கு, அந்நாடுகளின் அரசுகளோ அரசுப் பணத்தில் இயங்கும் நிதியங்களோ வழங்கும் நல்கை, முதலீடு, வரிச்சலுகை, செலவு ஈடு ஆகியவற்றைக் குறிக்கும். வணிக முறையில் மட்டும் பணம் திரட்ட இயலாத படங்கள் உருவாவதற்கு இது ஒரு முக்கிய வழியாகும். கோயம்புத்தூரில் எடுக்கப்பட்ட நசீர் (2020) என்னும் தமிழ்த் திரைப்படம் இவ்வகை உதவி பெற்ற படங்களுள் ஒன்று.

கூட்டுத் தயாரிப்பும் கூலித் தயாரிப்பும்

ஒரு நாட்டின் படக்குழு மற்றொரு நாட்டுக்குச் சென்று படம் பிடிப்பது எல்லாம் கூட்டுத் தயாரிப்பு ஆகாது. கோவை மாவட்டத்தின் சோமனூர் வட்டார விசைத்தறித் தொழிலைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்கலாம். அங்கு விசைத்தறியாளர்கள் பலர், ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவு நூல் பெற்று, கூலிக்கு நெய்து தருகின்றனர். துணி நூல் கொடுத்தவருக்கு உரியது. நெய்தவருக்குக் கூலி மட்டுமே. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இங்கு வந்து படம் எடுக்கும்போது, இடம், ஆட்கள், அனுமதிகள் ஆகியவற்றை ஏற்பாடு செய்து தரும் உள்ளூர் நிறுவனத்தின் நிலையும் இத்தகையதே. வேலை முடிந்ததும் அதற்குக் கட்டணம் கிடைக்கும். படத்தின் மீது உரிமை எதுவும் இராது.

கூட்டுத் தயாரிப்பில் இரு தரப்பினரும் நூலும் போடுகின்றனர், நெசவும் செய்கின்றனர். முதலீடு, கலைஞர்கள், தொழில்நுட்பப் பணி ஆகியவற்றில் இரு தரப்பும் பங்களிப்பதால், படத்தின் உரிமையும் வருவாயும் ஒப்பந்தப்படி பிரிக்கப்படும்.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியத் திரைத்துறைகள் நலிவுற்றிருந்தன. அமெரிக்கப் படங்களுடன் தனித்தனியே போட்டியிட இயலாத நிலையில், பிரான்சும் இத்தாலியும் 1949ஆம் ஆண்டு கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. பின்னர் பல நாடுகள் இம்முறையைப் பின்பற்றின. ஐரோப்பிய அவை 1988இல் யூரிமாஜ் என்னும் கூட்டுத் தயாரிப்பு நிதியத்தைத் தொடங்கியது. 1992இல் ஐரோப்பியத் திரைப்படக் கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கையும் உருவாயிற்று. இதன் திருத்திய வடிவம் 2017இல் வெளியானது.

ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் படங்களுக்கெனவும் ஐரோப்பாவில் நிதியங்கள் தோன்றின. பிரான்ஸ் 1984இல் தொடங்கிய ஃபோன் சூட் என்னும் நிதியத்தின் இடத்தில், 2012 முதல் உலகத் திரைப்பட உதவித் திட்டம் இயங்குகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் பன்னாட்டுத் திரைப்பட விழா, தன் நிறுவனர் ஹூபர்ட் பால்சின் பெயரில் 1988இல் ஒரு நிதியம் அமைத்தது. ஜெர்மனியின் பெர்லின் திரைப்பட விழாவின் உலகத் திரைப்பட நிதியம் 2004இல் உருவானது.

உடன்படிக்கை செய்வது என்ன?

கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கை நேரடியாகப் பணம் எதையும் தருவதில்லை. அதன் கீழ் ஏற்பளிக்கப்பட்ட படம், உடன்படிக்கை செய்துகொண்ட இரு நாடுகளிலும் உள்நாட்டுப் படமாகக் கருதப்படும். உள்நாட்டுப் படங்களுக்கு மட்டும் உரிய நல்கைகளுக்கும் வரிச்சலுகைகளுக்கும் அது விண்ணப்பிக்கலாம். ஒரே படம் இரு நாட்டுக் குடியுரிமை பெறுவது போன்றது இது.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. சிறுபான்மைப் பங்காளரின் முதலீடு ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. இந்தியா செய்துகொண்ட உடன்படிக்கைகளில் இது பொதுவாக 20 விழுக்காடு. பணம் மட்டும் போதாது; கலைஞர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் வாயிலான பங்களிப்பும் முதலீட்டு விகிதத்துக்கு ஏற்ப அமைய வேண்டும். இரு நாட்டு உரிய அதிகாரிகளும் படத்துக்கு ஏற்பளிக்க வேண்டும். இந்தியாவில் இப்பொறுப்பு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு உரியது.

பொது நிதியின் வகைகள்

நல்கை: திருப்பிச் செலுத்தத் தேவையற்ற அல்லது படம் வருவாய் ஈட்டினால் மட்டும் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை. திரைக்கதை, தயாரிப்பு, படத்தொகுப்பு, வெளியீடு எனப் பல கட்டங்களுக்கு வெவ்வேறு நல்கைகள் உள்ளன. வல்லுநர் குழு ஒன்று படங்களைத் தேர்ந்தெடுக்கும்.

பங்கு முதலீடு: அரசு நிறுவனம் தயாரிப்பாளர்களுள் ஒருவராகச் சேர்ந்து இலாப நட்டத்தில் பங்கேற்பது.

செலவு ஈடு: நாட்டுக்குள் செய்த தகுதியுள்ள செலவில் ஒரு விழுக்காட்டை அரசு திருப்பித் தருவது. இதில் கலைத்தரத்தைவிட நிபந்தனைகள் நிறைவேறினவா என்பதே முதன்மையாகப் பார்க்கப்படும்.

வரிச்சலுகை: தயாரிப்பு நிறுவனத்தின் வரியில் கழிவு தருவது. ஐக்கிய இராச்சியத்தில் இச்சலுகை பெற, ஒரு படம் பண்பாட்டுத் தேர்வில் தேற வேண்டும் அல்லது ஏற்பளிக்கப்பட்ட கூட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு

4 கோடி ரூபாய் செலவாகும் ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தயாரிப்பாளரின் பங்கு 70 விழுக்காடு, அதாவது 2.8 கோடி. பிரெஞ்சுத் தயாரிப்பாளரின் பங்கு 30 விழுக்காடு, அதாவது 1.2 கோடி. பிரெஞ்சுப் பங்காளர் தம் நாட்டு நல்கையைக் கொண்டு தம் பங்கைத் திரட்டலாம். இந்தியாவில் 2 கோடி ரூபாய் தகுதியுள்ள செலவு செய்யப்பட்டு, செலவு ஈடு 30 விழுக்காடு எனில், 60 இலட்சம் ரூபாய் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் அந்த 60 இலட்சம் பெரும்பாலும் செலவு செய்து கணக்குக் காட்டிய பின்னரே கைக்கு வரும். அதுவரை படப்பிடிப்பை நடத்தத் தயாரிப்பாளர் வேறு இடத்தில் பணம் புரட்ட வேண்டும். கையில் முதல் இல்லாத சிறு தயாரிப்பாளருக்கு, முன்கூட்டியே கிடைக்கும் சிறிய நல்கை, பின்னர் கிடைக்கும் பெரிய ஈட்டைவிடப் பயனுள்ளதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில்

அரசு நிதி வருவதற்கு முன்பே இந்தியாவில் தனியார் கூட்டுத் தயாரிப்புகள் நடைபெற்றன. டி. ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்சும் அமெரிக்கத் தரப்பும் சேர்ந்து உருவாக்கிய தி ஜங்கிள் (1952) என்னும் ஆங்கிலப் படம் கொங்கு வட்டாரத்துக்கு உரிய எடுத்துக்காட்டாகும். இது தமிழில் காடு என்னும் பெயரில் வந்தது.

1960இல் திரைப்பட நிதிக் கழகமும் 1975இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமும் அமைக்கப்பட்டன; 1980இல் முன்னது பின்னதுடன் இணைக்கப்பட்டது. ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கிய காந்தி (1982) படத்தில் இக்கழகம் முதலீடு செய்தது. உள்நாட்டு இயக்குநர்கள் பணமின்றித் தவிக்கையில் வெளிநாட்டவர் படத்துக்குப் பொதுப்பணம் தருவதா என்று இந்தியத் திரைத்துறையினர் பலர் எதிர்த்தனர். எட்டு ஆஸ்கார் விருதுகள் பெற்ற அப்படம் வருவாயும் ஈட்டியது. அதில் கழகத்துக்குக் கிடைத்த இலாபத்திலிருந்து நலிந்த திரைக் கலைஞர்களுக்கான நலநிதி ஒன்று உருவானது. மீரா நாயரின் சலாம் பாம்பே! (1988), ரித்தேஷ் பத்ராவின் தி லஞ்ச்பாக்ஸ் (2013) ஆகியவையும் இக்கழகம் பங்கேற்ற கூட்டுத் தயாரிப்புகளாகும்.

இந்தியா ஐக்கிய இராச்சியத்துடன் 2005இலும், ஜெர்மனியுடன் 2007இலும், பிரான்சுடன் 2010இலும், கனடாவுடன் 2014இலும் உடன்படிக்கை செய்தது. மேலும் பல நாடுகளுடனும் உடன்படிக்கைகள் உள்ளன. 2022 மே மாதம் கான் திரைப்பட விழாவில், கூட்டுத் தயாரிப்புகளுக்கும் இந்தியாவில் எடுக்கப்படும் வெளிநாட்டுப் படங்களுக்கும் 30 விழுக்காடு வரை செலவு ஈடு தரும் திட்டங்களை இந்திய அரசு அறிவித்தது. அப்போதைய உச்சவரம்பு 2 கோடி ரூபாய். 2023 நவம்பரில் வெளிநாட்டுப் படங்களுக்கான ஈடு 40 விழுக்காடாகவும், உச்சவரம்பு 30 கோடி ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன.

நசீர்: கோயம்புத்தூரின் எடுத்துக்காட்டு

நசீர், கோயம்புத்தூரைச் சேர்ந்த அருண் கார்த்திக் இயக்கிய படம். துணிக்கடை விற்பனையாளராகப் பணிபுரியும் இசுலாமியர் ஒருவரின் ஒரு நாள் வாழ்வைச் சொல்வது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையைத் தழுவியது. பாண்டிச்சேரி நாடகக் கலைஞர் குமரன் வளவன் முதன்மை வேடத்தில் நடித்தார்.

பாடல்களோ புகழ்பெற்ற நடிகர்களோ இன்றி, மதவெறுப்பைப் பொருளாகக் கொண்ட இத்தகைய கதைக்கு வழக்கமான வணிக முதலீடு கிடைப்பது அரிது. இந்தியாவின் ஸ்ட்ரே ஃபேக்டரியும் நெதர்லாந்தின் ரிங்கல் ஃபிலிமும் கூட்டாகத் தயாரித்த இப்படத்துக்கு ஹூபர்ட் பால்ஸ் நிதியம் உதவியது. 2020 ஜனவரியில் ராட்டர்டாம் விழாவின் டைகர் போட்டிப் பிரிவில் முதலில் திரையிடப்பட்டு, ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதையும் பெற்றது. கோவையின் தெருக்களில், தமிழில், தமிழ்க் கதை ஒன்றைக் கொண்டு உருவான இப்படத்துக்குப் பின்னால் டச்சுத் தரப்பின் ஆதரவும் உள்ளது.

படம் யாருடையது?

கூட்டுத் தயாரிப்புப் படத்தின் நாட்டுரிமை பற்றிய விவாதங்கள் அடிக்கடி எழுகின்றன. மொழி இதற்கு விடை தருவதில்லை. 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருது பெற்ற தீபன் படத்தின் உரையாடல்கள் பெரும்பாலும் தமிழில் அமைந்தவை. எனினும் அது பிரெஞ்சுப் படமே.

பாயல் கபாடியாவின் ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட் (2024) இந்திய-பிரெஞ்சு உடன்படிக்கையின் கீழ் ஏற்பளிக்கப்பட்டது. இந்தியச் செலவு ஈட்டுத் திட்டத்தின் கீழும் அதற்கு இடைக்கால ஒப்புதல் வழங்கப்பட்டது. 30 ஆண்டுகளுக்குப் பின் கானின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வான இந்தியப் படமான இது, கிராண்ட் பிரி விருதை வென்றது. ஆயினும் ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பில் இது அனுப்பப்படவில்லை. இந்தியாவில் நிகழும் ஐரோப்பியப் படத்தைப் பார்ப்பது போலிருந்ததாகத் தேர்வுக் குழுவினர் கருதினர் என்று இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவர் தெரிவித்தார். பிரான்சும் தன் பரிந்துரையாக வேறொரு படத்தையே அனுப்பியது. சட்டப்படி பல நாடுகளுக்கு உரிய படம், விருதுக்கு எந்த நாட்டின் பரிந்துரையையும் பெறாமற் போயிற்று.

விமர்சனங்கள்

நிதி தரும் நாட்டின் தேர்வுக் குழுக்கள் எதிர்பார்க்கும் வகையில் இயக்குநர்கள் கதைகளை அமைக்கக்கூடும் என்பது ஒரு குறை. நல்கையின் ஒரு பகுதியை அந்நாட்டிலேயே செலவிட வேண்டும் எனச் சில நிதியங்கள் விதிப்பதால், ஒலிக்கலவை போன்ற பணிகள் உள்ளூர்க் கலைஞர்களுக்குக் கிடைக்காமல் போகலாம் என்பது மற்றொன்று. இவ்வாறு உருவாகும் படங்கள் வெளிநாட்டு விழாக்களில் பாராட்டுப் பெற்றாலும், சொந்த ஊர்த் திரையரங்குகளுக்கு வருவது அரிதாகவே உள்ளது. தயாரிப்புக்குக் கிடைக்கும் பொது நிதி, உள்ளூர் வெளியீட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்னும் கோரிக்கை இதனாலேயே எழுகிறது.

இவற்றையும் பார்க்க

தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்
ராட்டர்டாம் பன்னாட்டுத் திரைப்பட விழா
மாடர்ன் தியேட்டர்ஸ்
நசீர் (திரைப்படம்)